ஆஸ்பத்திரிக்கே போகாத இரத்தினம் அண்ணையும் இரண்டு எம்.பி.மாரும்

டொக்டர்மாருக்குக் கொம்பியூட்டர் பழக்குவது மாமியாருக்குச் சமையல் பழக்குவது மாதிரியான தொழில். அவர்களுக்கு ஏற்கனவே எல்லாம் தெரியும், நாங்கள் சொல்வது காதில் ஏறாது, ஏதாவது பிழைத்தால் மட்டும் குற்றம் எங்களுடையது. புது மெஷின் ஒன்றுக்கு முன்னால் பிடித்து இருத்தப்பட்டு, "சும்மா அமத்திப் பாருங்கோ, ஒண்டும் நடக்காது" என்ற பொய்யை நம்பி மோசம்போன எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். அந்தப் பொய்யைச் சம்பளத்துக்குச் சொல்லித் திரிந்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒக்லண்டில் ஒரு சின்னக் கம்பனி. முதலாளி கிரஹாம், நான், ஒரு பழைய வான், அவ்வளவுதான் கம்பனி. அரசாங்கம் எங்களிடம் ஒரு பரீட்சார்த்த வேலையைத் தந்திருந்தது. குடும்ப டொக்டர்மாரின் சில கிளினிக்குகளை ரெலிபோன் லைன் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு இலக்கம். அந்த இலக்கத்தைத் தட்டினால் ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன செய்தார்கள், இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதெல்லாம் கிளினிக்கில் தெரியும். கிளினிக்கில் கொடுக்கிற மருந்து ஆஸ்பத்திரியில் தெரியும். இன்றைக்கு இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்றைக்கு டொக்டர்மார் சிரித்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வருடம் தேர்தல். எங்களுக்கான காசு தேர்தல் வரைக்கும்தான். பிறகு வருகிற அரசாங்கம் தொடரச் சொன்னால் தொடரலாம், இல்லையென்றால் வயர்களைச் சுருட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். எனக்கு இது வெறும் வயர் விஷயம் இல்லை. இவர், என் கணவர், யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். ஒக்லண்டுக்கு வந்தபின் விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். அந்த வருடம்தான் பெட்டிகளை விட்டுவிட்டு, இங்கே திரும்பவும் வாத்தியாராவதற்கு இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்திருந்தார். என் சம்பளம் நின்றால் அவருடைய படிப்பும் நிற்கும். ஆகவே மற்றவர்கள் தேர்தல் செய்தியைப் பொழுதுபோக்காகப் பார்த்தார்கள், நாங்கள் வைத்திய ரிப்போர்ட் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

எதிர்க்கட்சியின் பெட்டி

ஒக்லண்டுக்குத் தெற்கே புக்கெகோஹி என்ற ஊரில் ஒரு வயதான டொக்டர். சுற்றிவர வெங்காயத் தோட்டங்களும் மரக்கறி பொதி செய்யும் கொட்டகைகளும். அவருடைய நோயாளிகள் பாதிப்பேர் சப்பாத்தில் மண்ணோடுதான் உள்ளே வருவார்கள். நான் இறக்கிவைத்துவிட்டு வந்த கொம்பியூட்டரை அடுத்த கிழமை போய்ப் பார்த்தேன். மனைவி பின்னிய வெள்ளை உறை ஒன்றை அதற்குப் போட்டு, மேலே ஒரு பூச்சாடியும் வைத்திருந்தார். பார்க்க நல்ல வடிவாகத்தான் இருந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு பூச்சாடியை இறக்கினேன்.

டொக்டர் பரம்பரை பரம்பரையாக ஆளும்கட்சி ஆதரவாளர். அரசாங்கம் தன் அறைக்குள் எட்டிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காத காரியம். "என் நோயாளியைப் பற்றி ஒரு இயந்திரத்துக்கு ஏன் நான் கோள் சொல்ல வேண்டும்? இது எதிர்க்கட்சிக்காரரின் மூளையில் உதித்த வேலை. எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் அவர்களுக்குத்தான் உண்டு" என்றார். "டொக்டர், இதை எங்களுக்குத் தந்ததே உங்கள் கட்சியின் அரசாங்கம்தான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எங்கள் கட்சிக்குள்ளேயும் அவர்களுடைய ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்."

ஆளும்கட்சியின் பெட்டி

அங்கிருந்து மவுண்ட் ஆல்பர்ட்டுக்கு வந்தேன். ஒரு பழைய மரவீட்டைக் கிளினிக் ஆக்கியிருந்தார்கள். நடந்தால் பலகை கிரீச்சிடும், ரெயில் போனால் மருந்துப் போத்தல்கள் ஒன்றோடொன்று பேசும். டொக்டர் ஒரு இளம் பெண். எதிர்க்கட்சிக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறவர். நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஆஸ்பத்திரிகளை வியாபாரமாக்கத் துடிக்கிற ஆளும்கட்சி, யார் யாருக்கு எவ்வளவு செலவு என்று உளவு பார்க்கத்தானே இந்தப் பெட்டி?" என்று கேட்டார். நோயாளி சம்மதித்தால்தான் திறக்கலாம், யார் திறந்தார்கள் என்பதும் பதிவாகும் என்றெல்லாம் விளக்கினேன். தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதற்கும் நம்புவதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியாதா.

வரவேற்பு மேசையில் லலிதா. திருச்சிப் பெண், கலகலவென்று பேசுவாள். அவளுக்கு "ஆமா", எனக்கு "ஓம்". ஆனாலும் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். தேநீர் ஊற்றித் தந்தாள். இரண்டு டொக்டர்மாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவளிடம் கொட்டித் தீர்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி சொன்னாள்:

"அந்த டாக்டர் எதிர்க்கட்சிப் பெட்டிங்கிறாரு, இவங்க ஆளுங்கட்சிப் பெட்டிங்கிறாங்க. அப்ப ரெண்டு பேருக்கும் பொதுவான பெட்டின்னு ஆயிடுச்சேக்கா, இன்னும் என்ன கவலை?"

வாகனத் தரிப்பிடத்தில் ஓடிய டொக்டர்

கொம்பியூட்டரை ரெலிபோனோடு இணைக்கும் அந்தக் காலத்து மோடம் போட்ட சத்தம் நினைவிருக்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். நினைவில்லாதவர்கள், வாலில் மிதிபட்ட பூனை தகரத்தைப் பிறாண்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். புக்கெகோஹியில் முதல் தடவை லைன் போட்டபோது வெளியே காத்திருந்த ஒரு வெங்காயத் தோட்டக்காரர் எழுந்து நின்று, "உள்ளே யாருக்கு என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டார். யாராவது ரெலிபோனைக் கையில் எடுத்தால் லைன் அறுந்துவிடும். டொக்டருக்கு அதில் பெரிய சந்தோஷம். வேண்டுமென்றே எடுத்து எடுத்து வைத்தார் என்பது என் சந்தேகம்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது, பொதி செய்யும் கொட்டகையில் வேலைசெய்கிற ஒரு பெண்ணின் இரத்தப் பரிசோதனை முடிவு திரையில் வந்து விழுந்தது. காலையில்தான் இரத்தம் எடுத்திருந்தார்கள். எப்போதும் தபாலில்தான் முடிவு வரும், அதற்குள் கிழமை ஓடிவிடும். அந்தப் பெண் களைப்பு என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். பின்னேரம் மகனின் இருமலுக்கு மருந்து எடுக்கத் திரும்பவும் வந்து, அப்போதுதான் வெளியே போயிருந்தாள். டொக்டர் திரையைப் பார்த்தார். இரத்தத்தில் சீனி பயப்படும் அளவுக்கு ஏறியிருந்தது. மனிதர் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. தேநீர்க் கோப்பையும் கையுமாக வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடி, நகரத் தொடங்கிய காருக்கு முன்னால் போய் நின்றார். அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அவளும் தேறி வந்தாள்.

திரும்பி வந்த டொக்டரின் சட்டை முழுக்கத் தேநீர். மூச்சு வாங்கியது. ஜாக்கிரதையாகக் கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கியிருந்தது, அவருக்கும்தான். நான் ஏதும் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் அவர் முந்திக்கொண்டார்:

"இது எங்கள் கட்சியின் யோசனை என்று நான் அப்போதே சொன்னேனே."

ஆளுக்கு இரண்டு வாக்கு

அந்தத் தேர்தலில்தான் நியூசிலாந்தில் புது முறை வந்தது. ஆளுக்கு இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. நாட்டில் பாதிப்பேருக்கு அது விளங்கவில்லை. இவருக்குக் கணக்கென்றால் கற்கண்டு. இரவுச் சாப்பாட்டு மேசையில் புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் வைத்தே பாராளுமன்றத்தை விளக்கிவிடுவார். ஆனால் நான் வேலை முடிந்து வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கிரஹாம் என்ன சொல்லுறான்? ஏதும் தெரிய வந்ததோ?" படிப்பைப் பற்றி வாய் திறக்க மாட்டார். கல்லூரிப் புத்தகங்களுக்குப் பழைய கலண்டர்த் தாளில் உறை போட்டு வைத்திருந்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"ரெண்டு கட்சியும் எங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. ஆருக்குப் போடுறதெண்டே விளங்கேல்லை" என்றேன் ஒருநாள். "அதுக்கென்ன, இந்த முறைதான் ரெண்டு வோட்டு இருக்கே" என்றார் இவர். "நீர் ஆளும்கட்சி ஆளுக்குப் போட்டிட்டு மற்றதை எதிர்க்கட்சிக்குப் போடும். நான் மாறிப் போடுறன். ஆர் வந்தாலும் எங்களுக்கு நன்றிக்கடன் இருக்கும்." இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மகள், தமிழில் கேட்டால் இங்கிலிஷில் மட்டும் பதில் சொல்கிறவள், சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

"டாட், தட்ஸ் சீட்டிங்."

சட்டையைத் திறந்த இரத்தினம் அண்ணை

தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முந்தி கிரஹாமுக்கு ஒரு யோசனை வந்தது. ஆளும்கட்சியிலிருந்து ஒரு எம்.பி.யையும் எதிர்க்கட்சியிலிருந்து ஒரு எம்.பி.யையும் மவுண்ட் ஆல்பர்ட் கிளினிக்குக்கு அழைத்து, எங்கள் வேலையைக் கண்ணால் காட்டுவது. இருவரும் ஆதரித்தால் யார் ஆட்சிக்கு வந்தாலும் நாங்கள் பிழைப்போம். ஆளும்கட்சி எம்.பி. ஒரு பெண், சிவப்புக் கோட்டும் முத்துமாலையும். எதிர்க்கட்சி எம்.பி. ஒரு பெரிய உடம்புக்காரர். இருவரும் ஒரே நேரத்தில் வந்திறங்கி, வாசலில் நின்று யார் முதலில் உள்ளே போவது என்று மரியாதையாகச் சண்டை பிடித்தார்கள்.

காட்டுவதற்கு ஒரு நோயாளி வேண்டும் என்றபோது இரத்தினம் அண்ணை தானாகவே முன்வந்தார். வயது எழுபதுக்கு மேல். எங்கள் தெருவில்தான் மனைவி பரமேஸ் அக்காவோடு இருந்தார். "என்னைக் காட்டு பிள்ளை. இருதயத்தில வால்வு மாத்தினது சும்மாவோ?" என்று கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். லலிதா அவருடைய பெயரைத் தட்டினாள். மோடம் கத்தியது. எல்லாரும் திரைக்குள் தலையை நீட்டினார்கள். திரை சொன்னது: இந்தப் பெயரில் எவரும் ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை, புதிய இலக்கம் வழங்கவா? லலிதா இன்னொருமுறை தட்டினாள். அதே பதில்தான். நான் தமிழில் மெதுவாக, "அண்ணை, நீங்கள் ஆஸ்பத்திரிக்கே போகேல்லை எண்டு சொல்லுது" என்றேன். இரத்தினம் அண்ணை எழுந்தார். கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஓடிய தழும்பை முதலில் ஆளும்கட்சிக்கும் பிறகு எதிர்க்கட்சிக்கும் காட்டினார். "பிள்ளை, இவையிட்டைக் கேள்" என்றார். "இது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வந்த வெட்டே?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. கடவுச்சீட்டில் அவர் சின்னத்துரை இரத்தினம். ஆஸ்பத்திரியில் வழக்கம்போல முதலாவதை ஆளின் பெயராகவும் கடைசியைக் குடும்பப் பெயராகவும் எடுத்துக்கொண்டார்கள். நேர்ஸ்மார் அன்பாக, "சின்னத்துரை, மருந்து குடித்தாயா?" என்று கேட்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்தவரை தகப்பனுக்கு முன்னால் கதிரையில் இருக்காத மனிதர் இரத்தினம் அண்ணை. தகப்பனின் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிட்டது அவருக்குத் தாங்கவில்லை. ஆகவே கிளினிக்குக்கு வந்தபோது வலு கவனமாக மாற்றி எழுதுவித்திருக்கிறார். இப்போது மெஷினுக்குள் இரண்டு பேர். வால்வு மாற்றிய ஒருவர், வால்வு மாற்றாத இன்னொருவர்.

இதை எம்.பி.மாருக்கு இங்கிலிஷில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. கிரஹாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்க்கட்சிக்காரர் இதைப் பாராளுமன்றத்தில் சொல்லிச் சிரிக்கப் போகிறார், ஆளும்கட்சிக்காரி வெட்கத்தில் எங்களைக் கைவிடப் போகிறார், என் கணவரின் படிப்பும் முடிந்தது என்று எண்ணினேன். அப்போது ஆளும்கட்சிப் பெண்மணி லலிதாவிடம், "என்னைத் தேடுங்கள், என் சம்மதத்தோடு" என்று சொல்லிப் பெயரையும் பிறந்த திகதியையும் கொடுத்தார். புதிய இலக்கம் வழங்கவா என்று அவரிடமும் கேட்டது திரை. "அப்படியானால் என் இரண்டு பிள்ளைகளையும் அந்த ஆஸ்பத்திரியில் பெற்றது யார்?" என்றார். அவர் இரண்டாம் தடவை திருமணம் செய்தவர். முதல் கணவரின் பெயரைப் போட்டதும் திரையில் வந்தார். எதிர்க்கட்சிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை, "என்னையும்" என்றார். அவருக்குப் பத்திரங்களில் முதல் பெயர், ஊரெல்லாம் கூப்பிடுவது இரண்டாவது பெயரால். வெள்ளைக்காரரிடையே இது சர்வசாதாரணம். இரண்டு பெயரையும் தட்டிப் பார்த்தால், அவருடைய ஆஸ்துமா ஒருவருக்கும் சிறுநீரகக் கல் மற்றவருக்கும் சொந்தமாக இருந்தது. இந்த நாட்டுப் பெயர்களுக்கு இந்த நாட்டு மெஷின் செய்கிற மரியாதை இதுவென்றால் எங்களைச் சொல்லி என்ன. முதலில் இரத்தினம் அண்ணைதான் சிரித்தார், சட்டையைப் பூட்டாமலே. பிறகு யாரும் அடக்கவில்லை.

சிரித்து முடிந்ததும் இருவரும் நோயாளிகளுக்கான கதிரைகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்று உண்மையாகவே கேட்டார்கள். அதற்கு முன் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், கேள்வி கேட்ட முதல் இரண்டு பேர் இவர்கள்தான். புறப்படும்போது எதிர்க்கட்சிக்காரர் கிரஹாமின் கையைப் பிடித்துச் சொன்னார்:

"ஒருவர் இரண்டு வாக்குச்சாவடியில் வாக்களித்தால் பிடித்துவிடுகிறோம், இரண்டு நோயாளியாக இருந்தால் கண்டுபிடிக்க நெஞ்சைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறதே."

வேறு பெயர் உண்டா?

பிறகு என்ன, கிரஹாமும் நானும் உட்கார்ந்து, பழைய பெயர், மாறிய பெயர், முன்பின்னாகப் போன பெயர் எல்லாவற்றையும் பிறந்த திகதியோடு பொருத்திப் பார்க்க ஒரு வழி செய்தோம். அதற்கு, வருகிற நோயாளிகளிடம் "உங்களுக்கு வேறு பெயர் உண்டா?" என்று கேட்க வேண்டும். லலிதா கேட்டால் எங்கள் ஆட்கள் சரியாகப் பதில் சொல்கிறார்கள் இல்லை என்று என்னையும் பக்கத்தில் இருத்தினாள்.

ஒரு மன்னார்ப் பொடியன், முப்பது வயது இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. கேள்வியைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. அகதியாக வந்தவன். எந்தப் பெயரில் எந்த எல்லையைக் கடந்தான் என்பது அவனுக்கும் கடவுளுக்கும் தெரியும். "வேற பேர் எண்டால்? இமிக்கிரேஷனோ கேக்குது?" என்றான். கதவுப் பக்கம் பார்த்தான். எனக்கு மனம் கேட்கவில்லை. எழுந்து போய் அவனுக்குப் பக்கத்தில் இருந்து, "இல்லைத் தம்பி, இது இமிக்கிரேஷனுக்குப் போகாது. நீர் எந்தப் பேரிலை பயணம் செய்தனீர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை என்ன பேர் சொன்னனீர், அது மட்டும் சொன்னால் காணும்" என்றேன். அவன் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் விட்டான். பிறகு சொன்னான்:

"அங்கை நான் ஒருக்காலும் மாத்திச் சொல்லேல்லை அக்கா. உடம்புக்கு வருத்தம் எண்டு வந்தால் அம்மா வைச்ச பேர்தான் வாயிலை வரும்."

நிறுத்தச் சொல்ல ஆளில்லை

தேர்தல் நடந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. யாரோடு யார் சேர்வது என்று பேசினார்கள், பேசினார்கள், கிழமைக்கணக்காகப் பேசினார்கள். எங்களுக்கு வரவேண்டிய காசு தேர்தலோடு நின்றுவிட்டது. லைனைத் துண்டிக்க வேண்டுமானால் அமைச்சரிடமிருந்து உத்தரவு வர வேண்டும். பழைய அமைச்சர் முடிவெடுக்க மாட்டார், புதிய அமைச்சர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே நிறுத்தச் சொல்ல ஆளில்லாத ஒரே காரணத்தால் லைன் ஓடிக்கொண்டிருந்தது. என் சம்பளத்தை மாதமுடிவு வரைக்கும்தான் சமாளிக்க முடியும் என்று கிரஹாம் தலையைக் குனிந்தபடி சொன்னார். நல்ல மனிதர், அவரைக் குறைசொல்ல முடியாது. அன்றிரவு வீட்டில் இவர் எனக்குத் தெரியாமல் விரிக் கிடங்கின் சூப்பர்வைசருக்குப் போன் எடுத்து, திங்கட்கிழமையிலிருந்து ஷிஃப்ட் கேட்டு வாங்கிவிட்டார்.

அந்தக் கிழமைதான் இரத்தினம் அண்ணை குளியலறையில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. பேச்சு மூச்சில்லை. வால்வு மாற்றியவர், இரத்தம் உறையாமல் இருக்க நாள்தவறாமல் குளிசை எடுப்பவர், அப்படிப்பட்டவருக்குத் தலையில் அடிபட்டால் உள்ளுக்குள் இரத்தம் நிற்காது. இதை யாராவது உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும். பரமேஸ் அக்காவுக்கு இங்கிலிஷ் "தாங்க் யூ"வோடு சரி. பிள்ளைகள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. அம்புலன்ஸில் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றபடி போயிருக்கிறார்.

செய்தி கேட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது இரத்தப்பெருக்கு கட்டுப்பட்டுவிட்டது, ஆபத்தில்லை என்றார்கள். பரமேஸ் அக்கா வெளியே வாங்கில் இருந்தார். ஒரு கால் செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் கையில் பொத்திப் பிடித்திருந்த கிளினிக் அட்டையைப் பார்த்து இலக்கத்தைத் தட்டியிருக்கிறார்கள். இரண்டாக இருந்த மனிதர் ஒருவராகி, வால்வும் குளிசையும் ஒரே பெயருக்குக் கீழே வந்திருக்கின்றன. வந்தவுடனேயே மாற்று மருந்து ஏற்றிவிட்டார்கள். அக்கா என்னைக் கண்டதும் அழத் தொடங்கினார். நான் என்ன நடந்தது, என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு வாயே வரேல்லை பிள்ளை. நான் ஒண்டுமே சொல்லேல்லை, அவைக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது."

இரண்டு ரெலிபோன்

கடைசியில் ஒருவழியாக அரசாங்கம் அமைந்தது. எங்கள் எம்.பி.மார் இருவரில் ஒருவர் அதற்குள்ளே, மற்றவர் வெளியே. வெள்ளிக்கிழமை காலை. நான் என் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஆளும்கட்சிப் பெண்மணியின் போன் வந்தது. புது அமைச்சரிடம் பேசிவிட்டாராம், வேலை தொடர்கிறது, இன்னும் பல கிளினிக்குகளும் சேரும், முறைப்படி அறிவிக்கும்வரை மற்றக் கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டாம், நல்ல பெயரை அவர் தட்டிக்கொண்டு போய்விடுவார். கிரஹாம் போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. மூச்சு விடுவதற்குள் எதிர்க்கட்சிக்காரரின் போன். இந்த வேலையைத் தொடர்ந்தால் தன் கட்சி எதிர்த்து ஒரு சொல் பேசாது என்று அமைச்சரிடம் தானே போய் உறுதி கொடுத்தாராம், ஆனால் அந்தப் பெண்மணிக்குச் சொல்ல வேண்டாம், அவர் தன்னால்தான் நடந்தது என்பார். கிரஹாம் இருவருக்கும் சத்தியம் செய்து கொடுத்தார். இரண்டு சத்தியத்தையும் அன்றே எனக்கு முன்னால் உடைத்தார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. இவர் குசினியில் நின்று கிடங்குச் சீருடையை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைக்கு. கல்லூரிப் புத்தகங்கள் எல்லாம் ஒரு பெட்டிக்குள் போய்விட்டன, பெட்டி அடுக்கிப் பழகிய கை, விளிம்புக்கு விளிம்பு அச்சாவாக அடுக்கியிருந்தார். நான் கதவடியிலேயே நின்று, "இஞ்சாருங்கோ, தொடரச் சொல்லிட்டினம். ரெண்டு பக்கமும்" என்றேன். அவர் நிமிரவில்லை. அந்தச் சீருடையின் கையை முழுவதும் தேய்த்து முடித்தார், கொலரையும் தேய்த்தார். ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, பிளக்கைக் கழற்றினார். பிறகு முதுகை எனக்குக் காட்டிக்கொண்டே சொன்னார்:

"அப்ப திங்கக்கிழமை வகுப்புக்குப் போட்டுப் போற சேர்ட்டைக் கொண்டாரும், சூடு ஆற முந்தித் தேச்சிடலாம்."

இரண்டு கட்சிகளை ஒன்றுசேர்க்க விரும்புகிறவர்கள் அவர்களை ஒரே மேடையில் ஏற்றிக் களைக்காமல், கிளினிக் கதிரைகளில் நோயாளிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டால் போதும் என்பதே இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே வைத்தியம்.